மலிவான குளிர்கால உடற்பயிற்சி உடைகள் எவ்வளவு காலம் உழைக்கும்?

கடும் குளிரிலும் வெளியே ஓடத் தொடங்கியிருக்கிறீர்கள். ஒரு தெர்மல் மேலுடுப்பு, உள்பக்கம் பஞ்சு எழுப்பிய டைட்ஸ், ஒரு ஃபிளீஸ் (புசுபுசுவென்ற பாலியஸ்டர் மேலாடை), காற்றைத் தடுக்கும் மெல்லிய ஜாக்கெட், ஒரு ஜோடி கையுறை வேண்டும். மலிவாக வாங்கினால் ஒரே குளிர்காலத்தில் வீணாகிவிடுமா, கொஞ்சம் பொறுத்திருந்து விலை கூடியதையே வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். துணி கிழிந்துபோகும் என்பதுதான் உங்கள் அச்சம் என்று கேள்வியிலிருந்து புரிகிறது. ஆனால் இந்த வகை உடைகள் கிழிந்து சாவது அபூர்வம். டைட்ஸ் தொய்ந்துவிடும், ஃபிளீஸ் அமுங்கிவிடும், ஜாக்கெட்டின் உள்பூச்சு உரியும், ஜிப் வாய் பிளக்கும், துவைத்த சட்டையிலும் வியர்வை நாற்றம் நிற்கும். பார்வைக்கு முழுசாக இருக்கும் உடை வேலைக்கு ஆகாமல் போவதுதான் வழக்கம். ஆகவே முதல் மாதம் செய்த வேலையை மூன்றாவது குளிர்காலத்திலும் அது செய்யுமா என்று கேட்பதாக எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன்.

பின்னலாடைகளின் தரம் சோதிக்கும் வேலையில் பல ஆண்டுகள் இருந்தவன் நான். துணியைத் தேய்த்து, இழுத்து, துவைத்து, மறுபடியும் அளந்து பார்ப்பதே வேலை. அங்கே திரும்பத் திரும்பக் கண்டது ஒன்று: மலிவான உடையில் இழை ஏமாற்றுவது குறைவு. இழையோடு சேர்த்துத் தைத்தது, பூசியது, ஒட்டியது ஆகியவைதான் முதலில் கைவிடும். விலையைக் குறைக்க உற்பத்தியாளர் கைவைப்பதும் பெரும்பாலும் அந்த இடங்களில்தான்.

இழையை முதலில் பார்த்துவிடுவோம். குளிர்கால உடற்பயிற்சி உடைகளில் பெரும்பகுதி பாலியஸ்டர். விலை கூடிய சட்டையிலும் குறைந்த சட்டையிலும் அடிப்படையில் அது ஒரே வேதிப்பொருள்தான். சாதாரண ஈரப்பதத்தில் பாலியஸ்டர் தன் எடையில் சுமார் 0.4 சதவீத நீரை மட்டுமே உள்வாங்கும். நைலான் சுமார் 4 சதவீதம், பருத்தி சுமார் 8, கம்பளி சுமார் 16 சதவீதம். வியர்வை பாலியஸ்டர் இழைக்குள் புகுவதில்லை. இழைகளுக்கு இடையே ஓடிப் பரவி வெளிப்புறத்தில் உலர்ந்துவிடும். நனைந்தாலும் அதன் வலிமை குறைவதில்லை. தேய்மானத்தைத் தாங்குவதில் மட்டும் நைலான் அதைவிட ஒரு படி மேல். அதனால் முழங்கால், பின்புறம், கவட்டுப் பகுதி போன்ற உரசும் இடங்களுக்கு நைலான் கலந்த துணி நல்லது. உடலோடு ஒட்டும் மேலுடுப்புக்கு மலிவான பாலியஸ்டரே போதும் என்று துணிந்து சொல்வேன். அதில் பெரிய ரகசியம் எதுவும் இல்லை.

விலையைப் பார்த்து உழைப்பைக் கணிக்க முடியாது என்பதற்கு வெளியிலிருந்தும் சான்று உண்டு. இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் சாதாரண டி-ஷர்ட் போன்ற அன்றாட உடைகளைத் துவைத்தும் தேய்த்தும் சோதித்தபோது, விலை கூடியவைதான் நீடித்து உழைக்கும் என்ற முடிவு கிடைக்கவில்லை. மலிவான சில உடைகள் விலை உயர்ந்தவற்றை முந்தின. ஆனால் அந்த முடிவை இழுத்துக்கொண்டுவந்து குளிர்கால ஓட்ட உடை முழுவதற்கும் பொருத்தக் கூடாது. டி-ஷர்ட்டில் துணியும் தையலும் மட்டுமே உண்டு. உங்கள் பட்டியலில் எலாஸ்டிக், ஜிப், பூச்சு, ஒட்டு எல்லாம் இருக்கின்றன.

எலாஸ்டேன்தான் இந்தக் கதையின் பலவீனமான கண்ணி. டைட்ஸின் லேபிளில் எலாஸ்டேன், ஸ்பாண்டெக்ஸ், லைக்ரா என்று எந்தப் பெயர் இருந்தாலும் பொருள் ஒன்றுதான். டூபான்ட் நிறுவனத்தில் ஜோசப் ஷிவர்ஸ் 1958ஆம் ஆண்டு உருவாக்கிய பாலியூரிதேன் வகை இழை அது. தன் நீளத்தைப் போலப் பல மடங்கு இழுபட்டுப் பழைய அளவுக்குத் திரும்பும். ஆனால் சூடு, குளோரின் சலவைத் தூள், வெயில், உடலின் எண்ணெய்ப் பசை ஆகிய எல்லாமே அதை மெல்ல அரிக்கும். அரிப்பு எப்படித் தெரியும் என்கிறீர்களா? கொஞ்ச காலம் உடுத்திய டைட்ஸை உள்பக்கம் திருப்பித் தொடைத் தையலை வெளிச்சத்தில் பாருங்கள். தையல் ஓரத்தில் கண்ணுக்கு எட்டியும் எட்டாமலும் வெண்மையான மெல்லிய மயிர் போல ஏதோ நீட்டிக்கொண்டிருக்கும். பிடித்து இழுத்தால் ரப்பர் போல நீளும். அறுந்து வெளியே வந்த எலாஸ்டேன் அது. துணி பழையதாகி அறுந்ததாகவும் இருக்கலாம். தைக்கும்போது ஊசி குத்தியே அறுந்ததாகவும் இருக்கலாம். புதிய டைட்ஸிலேயே இது தெரிந்தால் மழுங்கிய ஊசியிலோ வேகம் கூடிய இயந்திரத்திலோ தைத்திருக்கிறார்கள் என்று பொருள். அந்தத் தையலைச் சுற்றி துணி சீக்கிரமே அலை அலையாகச் சுருங்கும். அப்படிப்பட்டதைக் கடையிலேயே திருப்பி வைத்துவிடுங்கள்.

கடையில் செய்யக்கூடிய வேறு சோதனைகளும் உண்டு. டைட்ஸின் முழங்கால் பகுதியை இரு கைகளாலும் அகலவாட்டில் நன்றாக இழுத்து விடுங்கள். உடனே பழைய வடிவத்துக்கு வந்தால் நல்லது. அந்த இடம் சற்று உப்பிக்கொண்டு நின்றால் நாலைந்து துவைப்பிலேயே முட்டி தள்ளிவிடும். இழுத்த நிலையில் சாயத்துக்கு நடுவே வெண்மை பளிச்சென்று தெரிந்தால் துணியில் நூல் அடர்த்தி குறைவு, அல்லது சாயம் மேலோட்டமாகவே ஏறியிருக்கிறது. பிறகு ஒரு தையலை இரு பக்கமும் பிடித்து இழுத்துப் பாருங்கள். தையல் நூல் துணியோடு சேர்ந்து நீள வேண்டும். துணி நீண்டும் நூல் நீளாமல் முறுக்கிக்கொண்டு நின்றால், குனிந்து ஷூ லேஸ் கட்டும் ஏதோ ஒரு நாளில் அது பட்டென்று அறுந்துவிடும். இந்த மூன்றுக்கும் ஒரு நிமிடம்கூட ஆகாது. லேபிளில் இருக்கும் எந்த வாசகத்தையும் விட இவற்றை நான் அதிகம் நம்புவேன்.

தையலின் வகையையும் பாருங்கள். ஓட்ட உடைக்கு ஃப்ளாட்லாக் தையல் ஏற்றது. இரண்டு துணி ஓரங்களும் ஒன்றன்மேல் ஒன்று தடிக்காமல் தட்டையாகக் கிடக்கும்; தோலையும் உராயாது, நன்றாக நீளவும் செய்யும். நூல் அதிகம் பிடிக்கும் தையல் இது, நேரமும் கூடுதல். அதனால் மலிவான உடையில் பல நேரம், துணி ஓரங்களைச் சேர்த்து நூலால் சுற்றித் தைக்கும் சாதாரண ஓவர்லாக் தையல்தான் இருக்கும். ஓவர்லாக் கெட்டது என்று சொல்ல மாட்டேன். நெருக்கமாகத் தைத்திருந்தால் அது பல ஆண்டு தாங்கும். கவட்டுப் பகுதியில் நான்கு தையல்கள் ஒரே புள்ளியில் கூடுகின்றனவா, அங்கே சாய்சதுரமாக ஒரு தனித் துண்டு வைத்துத் தைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். அந்தத் துண்டு இருந்தால் இழுவிசை பரவிவிடும். இல்லாவிட்டால் ஒவ்வொரு காலடியின் பாரமும் அந்த ஒரே புள்ளியில் விழும். பிரியும் தையல்களில் பெரும்பாலானவை அங்கேதான் தொடங்குகின்றன.

அடுத்து ஃபிளீஸ். 1979ஆம் ஆண்டு அமெரிக்காவின் மால்டன் மில்ஸ் ஆலை உருவாக்கிய துணியிலிருந்து தொடங்கிய வகை இது. பின்னிய பாலியஸ்டர் துணியின் கண்ணிகளைக் கம்பி உருளைகளால் கிளறி, இழைகளைப் புசுபுசுவென்று எழுப்பி, மேல்பகுதியைச் சீராக வெட்டிவிடுவார்கள். சூடு தருவது அந்த இழைகளுக்கு நடுவே அசையாமல் நிற்கும் காற்று. ஃபிளீஸ் அமுங்கினால் குளிர் ஏன் உறைக்கிறது என்பது இதிலிருந்தே தெரியும். மலிவான ஃபிளீஸில் சில துவைப்புகளுக்குள் சின்னச் சின்ன உருண்டைகள் திரளும். பருத்தியிலும் கம்பளியிலும் கூட இவை உருவாகும், ஆனால் அங்கே இழை பலவீனமானது என்பதால் காலப்போக்கில் உதிர்ந்துவிடும். பாலியஸ்டர் வலுவானதால் உருண்டையை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். உழைப்புக்குக் காரணமான வலிமையே தோற்றம் கெடவும் காரணமாகிறது. சோதனைக் கூடங்களில் இதை 1 முதல் 5 வரை தரமிடுவார்கள். 5 என்றால் உருண்டையே இல்லை. உருண்டைகளைப் பார்த்து உடை போய்விட்டது என்று எண்ண வேண்டாம். பார்வைக்கு அசிங்கம், சூட்டுக்குப் பெரிய நட்டமில்லை. உருண்டைகளை வெட்டும் சிறு கருவியால் மேலோட்டமாக எடுத்துவிடலாம். கையால் பிய்த்தால் நல்ல இழையையும் சேர்த்து உருவிவிடுவீர்கள். உள்பக்கம் பஞ்சு எழுப்பிய டைட்ஸுக்கும் இதே கதைதான்: தொடைகள் உரசும் இடத்தில் பஞ்சு முதலில் படியும். இழையைக் கிளறுவது துணியின் வலிமையைக் கொஞ்சம் குறைக்கவும் செய்யும். எனவே இத்தகைய டைட்ஸில் கையில் கனமாகத் தெரிவதைத் தேர்ந்தெடுங்கள். மெல்லியதாக இருந்தும் அதிகம் புசுபுசுவென்றிருப்பது சந்தேகத்துக்குரியது.

நாற்றத்தைப் பற்றிப் பலர் வெளியே பேசக் கூச்சப்படுகிறார்கள், ஆனால் மலிவான தெர்மல்கள் குப்பைக்குப் போக அது முக்கியமான காரணம். பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்ட ஆய்வில், உடற்பயிற்சிக்குப் பிறகு பருத்திச் சட்டைகளைவிட பாலியஸ்டர் சட்டைகள் அதிகம் நாறின; நாற்றத்தை உண்டாக்கும் ஒருவகை பாக்டீரியா பாலியஸ்டரில் செழித்து வளர்ந்ததையும் கண்டார்கள். தோலின் எண்ணெயைப் பாலியஸ்டர் பிடித்துக்கொள்வதும் இதில் சேரும். இது விலை சார்ந்ததல்ல. விலை உயர்ந்த பாலியஸ்டரும் நாறும். ஓடி முடித்ததும் ஈரச் சட்டையைப் பையில் சுருட்டி வைக்காமல் விரித்துப் போடுங்கள். அன்றே துவைக்க முடிந்தால் இன்னும் நல்லது. நாற்றம் ஏறிவிட்டால், லேபிள் தடுக்காதவரை, ஆக்ஸிஜன் வகைச் சலவைத் தூள் கரைத்த வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்துத் துவைக்கலாம். கம்பளிக்கு அது ஆகாது.

நாற்றம் தடுக்கும் என்று விளம்பரப்படுத்தும் வெள்ளிப் பூச்சுகளைப் பற்றி உறுதியாக எதுவும் சொல்ல மாட்டேன். இழைக்குள்ளேயே கலந்திருந்தால் நீடிக்க வாய்ப்பு அதிகம். மேலே தடவியது துவைப்பில் கரைந்துகொண்டே போகும். எந்த முறை என்று லேபிள் பெரும்பாலும் சொல்வதில்லை. அதற்காகக் கூடுதல் பணம் தருவதற்கு நியாயம் எனக்குத் தெரியவில்லை.

ஜாக்கெட்டில்தான் மலிவுக்கும் உயர்வுக்கும் உண்மையான வேறுபாடு தொடங்குகிறது. காற்றைத் தடுக்க இரண்டு வழிகள் இருக்கின்றன. நூலை மிக நெருக்கமாக நெய்து சூடான உருளைகளுக்கு இடையே அழுத்துவது ஒன்று. துணியின் உள்பக்கம் பாலியூரிதேன் பூசுவது மற்றொன்று. முதல் வகை மெல்ல மெல்லத்தான் தளரும். இரண்டாவது வகையை ஈரமும் சூடும் சேர்ந்து சிதைக்கும். பழைய மழைச்சட்டையின் உள்பக்கம் பிசுபிசுவென்று ஒட்டி, வெள்ளைச் செதில்களாக உதிர்வதைப் பார்த்திருப்பீர்கள். நீரோடு சேர்ந்து பாலியூரிதேனின் பிணைப்புகளே உடைந்துபோவதால் நேர்வது அது. தொடங்கிவிட்டால் நிறுத்த வழியில்லை. உபயோகிக்காமல் பெட்டியில் ஈரத்தோடு மடித்து வைத்த ஜாக்கெட்டும் இப்படிக் கெடும். அதனால் மழையில் ஓட வேண்டிய தேவை இல்லாதவர்கள் பூச்சில்லாத, நெருக்கமாக நெய்த ஜாக்கெட்டையே வாங்குங்கள். மலிவும் அதுதான், நீண்ட நாள் உழைப்பதும் அதுதான், வியர்வையை வெளியே விடுவதும் அதுதான்.

மேல்பக்கம் நீர் முத்து முத்தாக உருண்டோடுவது வேறொரு மெல்லிய பூச்சின் வேலை. அது எல்லா ஜாக்கெட்டிலும் தேயும், விலை எதுவானாலும். முன்பு இதற்கு ஃபுளோரின் கலந்த வேதிப்பொருள்களைப் பயன்படுத்தினார்கள். அவை சூழலில் சிதையாமல் தங்கிவிடுவதால் இப்போது பல இடங்களில் விலக்கப்படுகின்றன. அவற்றில் ஒன்றான பி.எஃப்.ஓ.ஏ. 2019இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் தடைப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. கலிபோர்னியா மாநிலம் 2025 ஜனவரி முதல் பெரும்பாலான துணிகளில் இந்த வகைப் பொருள்களையே தடை செய்தது. மாற்றாக வந்த பூச்சுகள் நீரை நன்றாகவே விரட்டுகின்றன, ஆனால் எண்ணெய்ப் பசையை விரட்டுவதில் பழையவற்றுக்கு ஈடில்லை. தோல் எண்ணெயும் அழுக்கும் படிந்தால் நீர் உருளாமல் துணியிலேயே ஊறும். புதிய ஜாக்கெட் சீக்கிரமே நனைகிறதே என்று வருந்துபவர்கள் முதலில் அதைத் துவைத்துப் பார்க்க வேண்டும். துவைத்து உலர்ந்த பிறகு, லேபிள் அனுமதித்தால், குறைந்த சூட்டில் உலர்த்தியிலோ மெல்லிய துணி போட்டு இஸ்திரியிலோ சூடாக்குங்கள். பூச்சு கொஞ்சம் உயிர்பெறும். அதுவும் பயன் தராதபோதுதான் தெளிக்கும் பூச்சு வாங்க வேண்டும்.

ஜிப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பல்வரிசை கெடுவதற்கு முன்பே, ஏறி இறங்கும் இழுவை தேய்ந்து வாய் விரிந்துவிடும். அதன் பின்புறம் 3 அல்லது 5 என்று ஜிப்பின் அளவைக் குறிக்கும் எண் இருந்தால் பாருங்கள். ஜாக்கெட்டின் முன்பக்கத்துக்கு 5 நல்லது, பைக்கும் கழுத்துக்கும் 3 போதும். மூடிய பிறகும் பின்னால் பிளந்துகொண்டே வந்தால், இழுவையின் இரு ஓரங்களையும் குறடால் மிக மெதுவாக அழுத்துங்கள். பெரும்பாலும் சரியாகிவிடும். அதற்கும் மசியாவிட்டால் தையற்காரரிடம் இழுவையை மட்டும் மாற்றித் தரச் சொல்லலாம். ஜிப் போனதற்காக நல்ல ஜாக்கெட்டை எறிபவர்களைப் பார்த்தால் எனக்கு மனம் பொறுக்காது.

ஒரு விஷயத்தில் மட்டும் மலிவுக்கு இடம் கொடுக்காதீர்கள். குளிர்காலத்தில் ஓட்டம் பெரும்பாலும் இருட்டில்தான். ஒளி பிரதிபலிக்கும் பட்டைகள் மிகச் சிறிய கண்ணாடி மணிகளைத் துணியில் ஒட்டிச் செய்தவை. நீளும் துணியில் ஒட்டிய மலிவான பட்டையில் விரிசல் விழும். துவைக்கத் துவைக்க மணிகள் உதிரும். பகலில் பார்த்தால் பட்டை அப்படியே இருப்பதாகத் தோன்றும், அதுதான் ஆபத்து. இருட்டறையில் உடையைத் தொங்கவிட்டுச் சில மீட்டர் தள்ளி நின்று ஃபிளாஷோடு ஒரு படம் எடுங்கள். பட்டை பளீரென்று வெண்மையாக வராமல் சாம்பல் நிறத்தில் வந்தால் அதை இனி நம்பாதீர்கள். மேலே தனியாக ஒரு பிரதிபலிப்பு மேலங்கி போட்டுக்கொள்ளுங்கள். சாலைப் பணியாளர்களின் உடையில் இத்தனை துவைப்பு வரை தாங்கும் என்று லேபிளிலேயே குறித்திருப்பார்கள். ஓட்ட உடையில் அந்த உறுதிமொழி வழக்கமாக இருக்காது.

துவைப்பதில் நான் வற்புறுத்துவது சூட்டைத்தான். 30 டிகிரி நீரே போதும். ஜிப்பை மூடி, உடையை உள்பக்கம் வெளியே திருப்பி, வலைப் பையில் போட்டுத் துவையுங்கள். துணி மென்மையாக்கும் திரவத்தைத் தொடவே வேண்டாம். இழைமேல் அது ஒரு படலமாகப் படிந்து வியர்வை பரவும் வழியை அடைத்துவிடும். அதிகச் சூட்டில் இயந்திரத்தில் உலர்த்தினால் எலாஸ்டேன் சோரும், ஃபிளீஸின் நுனிகள் ஒட்டிக்கொண்டு சொரசொரப்பாகும். காற்றோட்டமான நிழலில் உலர்த்துங்கள். பாலியஸ்டர் நீரைக் குடிக்காததால் எப்படியும் சீக்கிரம் உலர்ந்துவிடும். இரண்டு டைட்ஸை மாற்றி மாற்றி உடுத்தினால் எலாஸ்டிக்குக்கு ஓய்வு கிடைக்கும் என்று பலர் சொல்வார்கள். அந்த ஓய்வால் ஆயுள் எவ்வளவு கூடும் என்பது சந்தேகத்துக்குரியது. ஆனால் ஒவ்வொன்றும் பாதி முறைதான் துவைக்கப்படும் என்பது நிச்சயம்; அது ஒன்றே போதுமான காரணம்.

மெரினோ கம்பளி பற்றியும் கேட்பீர்கள். நாற்றம் எளிதில் ஏறாது, ஈரத்திலும் கதகதப்பு தரும், தோலுக்கு இதம். ஆனால் நீண்டு உழைப்பதில் அது பாலியஸ்டருக்குப் பின்னால்தான். தோலில் குத்தாத அளவுக்கு மெல்லிய இழை என்பதால் அக்குளிலும் தோள்பை பட்டை படும் இடத்திலும் ஓட்டை விழும். அந்துப்பூச்சியின் புழுக்களும் தின்றுவிடும். விலை கூடக் கொடுத்தால் அதிகம் உழைக்கும் என்ற எண்ணத்தில் தூய மெரினோவை வாங்குபவர்களுக்கு ஏமாற்றமே மிஞ்சும். நைலான் கலந்த மெரினோ நடுவழி. காலுறையில் அந்தக் கலவைக்கு நான் தயங்காமல் வாக்களிப்பேன்; குதிகாலும் பெருவிரலும் தேயும் வேகத்துக்கு நைலான் இல்லாமல் தாங்காது.

எத்தனை ஆண்டு என்று ஓர் எண்ணை எதிர்பார்த்திருந்தால் அதை யாராலும் நேர்மையாகத் தர முடியாது. வாரத்துக்கு எத்தனை முறை ஓடுகிறீர்கள், எவ்வளவு வியர்க்கிறது, தொடைகள் எவ்வளவு உரசுகின்றன, எந்தச் சூட்டில் உலர்த்துகிறீர்கள் என்பவற்றைப் பொறுத்து ஒரே டைட்ஸ் இருவரிடம் இருவிதமாக உழைக்கும். ஒரே பெயரில் விற்கும் உடையை அடுத்த ஆண்டு வேறொரு ஆலை தைத்திருக்கவும் கூடும். ஆகவே மற்றவர்களின் பழைய பாராட்டைவிட, கையில் இருக்கும் துண்டை இழுத்துப் பார்ப்பதே மேல்.

உங்கள் பட்டியலுக்கு வருகிறேன். மேலுடுப்பையும் ஃபிளீஸையும் மலிவாகவே வாங்குங்கள். மேலுடுப்பு இரண்டாக இருக்கட்டும். காற்றுத் தடுப்பு ஜாக்கெட்டைப் பூச்சில்லாததாக, நடுத்தர விலையில் பாருங்கள். கையுறை எப்படியும் விரல் நுனியில்தான் முதலில் பிரியும், அல்லது ஒன்று தொலைந்துபோகும். அதில் அதிகம் செலவழிக்காதீர்கள். மிச்சமாகும் பணத்தை டைட்ஸில் போடுங்கள்: நைலான் கலந்தது, கவட்டில் தனித் துண்டு வைத்தது, இழுத்து விட்டால் உடனே திரும்புவது. இந்த மூன்றும் மலிவான ஒன்றிலேயே கிடைத்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். விலைச் சீட்டைப் பார்த்துத் தயங்க வேண்டியதில்லை.